பேசி முடியட்டும் என்று நிறுத்திய மோட்டார்

மோட்டார் கொட்டகைக்குள் மகள் மடிக்கணினியில் வெளிநாட்டாருடன் பேசிக்கொண்டிருக்கிறாள். பாசன மின்சாரத்தால் எந்தப் பகுதி எவ்வளவு கரியமில வாயுவைக் கக்குகிறது என்று திரையில் வண்ண வண்ணத் தூண்கள். ஆக உயரமான சிவப்புத் தூண் இந்த வட்டாரத்துடையது. "எங்க விவசாயிங்க மோட்டாரைப் போட்டுட்டுக் குறட்டை விடுவாங்க," என்று ஆங்கிலத்தை விட்டுத் தமிழிலேயே சொல்லிவிட்டு மொழிபெயர்க்கிறாள். மறுமுனையில் சிரிப்பு. சிரித்தபடி நிமிர்ந்தால் வாசலில் அப்பா. அவள் பேச்சுக்கு இடைஞ்சலென்று அவர் நிறுத்திய மோட்டார் மூலையில் சூடு தணியாமல் கிடக்கிறது. அவர் முதுகுக்குப் பின்னால் வயலில் பாதி நனைந்து மின்னுகிறது, பாதி வெளுத்துக் கிடக்கிறது. மண்வெட்டிப் பிடியின் சேற்றை நகத்தால் சுரண்டியபடி, "முடிஞ்சுதாம்மா? போட்டுக்கலாமா?" என்கிறார், மறுமுனையில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில். முகம் காந்த, அவள் தலையாட்டுகிறாள். அவர் பச்சைப் பொத்தானை அழுத்துகிறார். மறுபடி அழுத்துகிறார். "கரண்ட் போயிருச்சு. பரவாயில்லம்மா, நீ பேசு."