சிவப்பு அட்டை

ஜன்னல் வெயில் தரைப்பாயில் விழுந்து கிடக்கிறது. அதில் ஏழு வயதுச் சிறுமி காதுகளைப் பொத்தியபடி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பேச்சு இல்லை. வேண்டியதைப் படம் போட்ட அட்டையைக் கொடுத்துக் கேட்பாள். சத்தம் தாங்காவிட்டால் தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்வாள். தழும்பு கறுத்துக் காய்த்திருக்கிறது. எதிரே சம்மணமிட்டிருக்கும் உளவியலாளர், புதுப் பள்ளியைப் பற்றி அவள் அம்மாவிடம் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருக்கிறார். சுவரில் தண்ணீர் அட்டையும் ஊஞ்சல் அட்டையும் மூலை மடங்கி அழுக்கேறியிருக்கின்றன. விரித்த உள்ளங்கை வரைந்து ‘போதும்’ என்று எழுதிய சிவப்பு அட்டை மட்டும் எட்டு மாதமாகக் கைபடாமல் பளபளக்கிறது. சிறுமியின் மணிக்கட்டு வாயை நோக்கிப் போகிறது, பாதியில் நிற்கிறது. அவள் எழுகிறாள். சிவப்பு அட்டையைச் சுவரிலிருந்து சர்ரென்று பிய்த்து வந்து உளவியலாளரின் வாய்மேல் வைத்து அழுத்துகிறாள்.

“அடியே! மேடத்தைப் போய்... தப்பா எடுத்துக்காதீங்க மேடம், இவ இப்படியெல்லாம் செய்யறவளே இல்ல.”

“அதைத்தானேம்மா நான் எட்டு மாசமா இவளுக்கு...”

அட்டை இன்னும் அழுந்துகிறது. அதட்ட வாயெடுத்த அம்மாவின் கண் மகளின் மணிக்கட்டில் நிற்கிறது. புதிதாகப் பல் படவில்லை. அம்மாவின் வாய் தானாக மூடிக்கொள்கிறது. இருபத்தாறு ஆண்டுகளாகப் பேசியே பெயர் வாங்கியவர், ஒரு வார்த்தை பேச வழியில்லாமல், அட்டைக்குப் பின்னால் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருக்கிறார்.