வலக்கைக்கு ஒன்று

ஆய்வகப் பீரோ நிறைய ரப்பர் கையுறைகள் இருந்தன. அத்தனையும் இடக்கைக்கானவை. அமிலத்தை ஊற்றுவது வலக்கை என்பதால் வலக்கை உறைதான் எப்போதும் முதலில் கிழியும். புதிதாக வாங்கித் தரும்படி கேட்கப் போன ஆய்வு மாணவி மங்கையர்க்கரசியைத் துறைத்தலைவர் ஞானசிகாமணி ஏற இறங்கப் பார்த்தார்.

"பீரோ நிறைய வெச்சுக்கிட்டுப் புதுசு கேக்குறியேம்மா. இடக்கை உறைய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பு. வலக்கை உறை ஆயிடும். கெமிஸ்ட்ரிதானே படிச்ச?"

அவர் சொன்னதில் பிழையில்லை. திருப்பிய உறை கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் அதுவரை நைட்ரிக் அமிலத்தில் ஊறிய வெளிப்பக்கம் இப்போது அவள் தோலோடு ஒட்டிக்கொண்டது. சாயங்காலத்துக்குள் விரல்கள் மஞ்சளாகிக் கொப்புளித்தன.

"கழுவிட்டுப் போட்டிருக்கணும்," என்றார் அவர், தலை நிமிராமல்.

"கழுவித்தான் சார் போட்டேன்."

மறுநாள் இளங்கலை வகுப்பில், ஒன்றின் கண்ணாடி பிம்பமாக மற்றொன்று இருக்கும் மூலக்கூறுகளை நடத்தும்போது, வருடா வருடம் செய்வதுபோல ஓர் இடக்கை உறையைத் தூக்கிக் காட்டினார்.

"இது வலக்கைக்குச் சேருமா?"

"சேராது சார்," என்றது வகுப்பு.

"சேரும்," என்று கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்த மங்கையர்க்கரசி எழுந்து வந்தாள். பையிலிருந்து அந்தப் பழைய உறையை எடுத்தாள். அதன் மஞ்சள் கறையை எல்லோரும் பார்க்கும்படி காட்டி, மெதுவாகத் திருப்பினாள். கறை உள்ளே போயிற்று. கட்டுப்போட்ட விரல்களால் அதன் வாயை விரித்துப் பிடித்தாள்.

"கைய விடுங்க சார்."

ஞானசிகாமணியின் வலக்கை முதுகுக்குப் பின்னால் போனது. உறையைப் பிடுங்க இடக்கையை நீட்டினார்.

முன்வரிசையில் ஒரு பெண் தணிந்த குரலில் சொன்னாள்: "அந்தக் கை சேராது சார்."