இரண்டு மலை, ஒரே குடும்பம்

வன அலுவலகத்தின் கூட்ட அறைக்கு இருப்பது ஒரே ஒரு கதவு. அந்தக் கதவோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான் முவலூமா. மலெம்பாவின் மனைவி வவுதாவுக்கு அண்ணன். மச்சானைத் தாண்டாமல் வெளியே ஓட மலெம்பாவுக்கு வழியில்லை.

கொஞ்ச நாளாகவே முவலூமா இவன் முகத்தைப் பார்ப்பதில்லை. சந்தையில் எதிர்ப்பட்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறான். வீட்டுக்கு வந்தால் வவுதா ஆசையாகக் கிழங்கும் பயறும் மசித்து வைத்த கிமங்காவில் இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்து போய்விடுகிறான். திருட்டு தெரிந்துவிட்டது என்றே மலெம்பா நினைத்தான்.

திருடியது பட்டாம்பூச்சியை. தைத்தா மலைகளை விட்டால் வேறெங்கும் காணக் கிடைக்காத வெளிர்மஞ்சள் பூச்சி அது. சின்ன மலைக் காட்டில் அதைப் பிடித்துத் தருவது மலெம்பாவின் வேலை, பெரிய மலைக் காட்டில் முவலூமாவின் வேலை. புளித்த வாழைப்பழம் வைத்த வலைக்கூண்டை மரக்கிளையில் தொங்கவிடுவார்கள். கீழ்ச் சந்து வழியாக நுழைகிற பூச்சி, குடித்துவிட்டு மேலேயே முட்டிக்கொண்டு பறக்கும். வந்த வழி அதற்குத் தெரியாது.

சாயங்காலமானால் நைரோபியிலிருந்து வந்த டாக்டர் நாலியாகா ஒவ்வொரு பூச்சியிலும் ஒரே ஒரு காலை நறுக்கி எடுத்துக்கொண்டு பறக்க விட்டுவிடுவார். அந்தக் காலை வைத்து மரபணு பார்ப்பார்களாம். சின்ன மலைப் பூச்சி தனி வம்சம் என்று தெரிந்தால் இரண்டு காடும் தப்பும். பூச்சியே இல்லாத காடு மரக் குத்தகைக்காரனுக்குப் போய்விடும். காடு போனால் அதன் அடியில் சுரக்கும் ஊற்றும் போகும், அந்த ஊற்றை நம்பிய மலெம்பாவின் கோஸ் தோட்டமும் போகும். பெரிய மலையடியில் மாடு வளர்க்கிற முவலூமாவுக்கும் இதே கதைதான்.

கூண்டு தொங்கவிட்ட நாளிலிருந்து மலெம்பாவின் கூண்டு காலி. பழத்தை ஏதோ உறிஞ்சியிருக்கும், வலையில் இறகுப்பொடிகூட ஒட்டியிருக்கும், பூச்சியை மட்டும் காணோம். ஏதோ அந்துப்பூச்சி வந்து போயிருக்கிறது, நம் காட்டில் அந்த வம்சமே அற்றுவிட்டது என்று அவனாகவே முடிவு கட்டினான். பிறகுதான் மத்தியான வேளையில் பெரிய மலை ஏறி, மச்சானின் நிறைந்த கூண்டிலிருந்து சிலதை அள்ளி வந்து தன் கூண்டில் விட ஆரம்பித்தான். கூசத்தான் செய்தது. ஆனால் எந்தப் பூச்சி எந்த மலையைச் சேர்ந்தது என்று கால் காட்டிக்கொடுக்கும் என அவன் கண்டானா?

முடிவைச் சொல்ல எல்லோரையும் கூட்டியிருந்த டாக்டர் கணினியை மூடினார்.

"ரெண்டு மலைப் பூச்சியும் ஒரே குடும்பம்தான். பள்ளத்தாக்கைத் தாண்டிப் போய் வந்துட்டு இருக்குன்னு அர்த்தம்."

மலெம்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்திலேயே மறுபடியும் போயிற்று. ஒரே குடும்பம் என்றால் ஒரு காட்டைக் காப்பாற்றினாலே வம்சம் பிழைத்துக்கொள்ளுமாம். கையிலிருக்கும் பணத்துக்குப் பெரிய மலையை மட்டும் வைத்துக்கொண்டு, சின்ன மலையை விட்டுவிடலாம் என்று டாக்டர் எழுதப் போகிறாராம். குத்தகைக்காரனின் ஆள் ஜன்னலுக்கு வெளியே லாரியில் சாய்ந்து நின்று கரும்பு கடித்துக்கொண்டிருந்தான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் காடு போகும். வாயைத் திறந்தால், பூச்சியே இல்லாத காடு என்று ஆகி, அப்போதும் போகும். கூடவே வேலையும் மச்சான் உறவும் போகும். தானே பின்னிய வலைக்குள் மலெம்பா மாட்டிக்கொண்டான். ஆனால் உண்மையைச் சொன்னால் இன்னொரு தடவையாவது தேடிப் பார்ப்பார்களே என்ற நப்பாசை ஒன்று மிச்சமிருந்தது. எழுந்து நின்றான்.

"டாக்டரம்மா, நான் குடுத்த பூச்சி ஒண்ணுகூட என் மலையில பிடிச்சது இல்ல. எல்லாம் மச்சான் கூண்டுல இருந்து திருடினது. என் கூண்டு ஒருநாளும் நிறையல. நீங்களே வந்து ஒருதடவை தேடிப் பாருங்க, அதுக்கப்புறம் வெட்டிக்கட்டும்."

டாக்டரின் முகம் இறுகிவிட்டது. மறுபடி தேட நாளும் இல்லை, ஆளும் இல்லை என்றார்.

"சின்ன மலையில பூச்சியே இல்லன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இனி நான் யோசிக்கறதுக்கு என்ன இருக்கு?"

வவுதாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று மலெம்பாவுக்குத் தெரியவில்லை. கதவோரம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மச்சான் எழுந்து வருகிறான். இத்தனை பேர் நடுவில் அறை விழப் போகிறது, விழட்டும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"மன்னிச்சுடு மச்சான். எனக்கு வேற வழி தெரியல."

அறை விழவில்லை. முவலூமா இவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். ஜன்னல் வழியே தெரிந்த பெரிய மலையையும், அதன் அடிவாரத்தில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகளையும் சற்று நேரம் பார்த்தான். பிறகு டாக்டரின் பக்கம் திரும்பினான்.

"என் மலையிலதான் பூச்சி இல்ல டாக்டரம்மா. தினம் காலையில இவன் வர்றதுக்கு முன்னாடியே இவன் கூண்டைக் காலி பண்ணி என் கூண்டை நிரப்பினது நான்."