நாற்பத்தெட்டில் இருபத்தொன்று

"மெஷின் பொய் சொல்லாதும்மா" என்றார் கார்ல் சார்.

சொல்கிறவர் லேசுப்பட்டவரில்லை. சட்டமும் தொழில்நுட்பமும் என்ற பாடத்தை நடத்துகிறவர், துறைத் தலைவரும் அவரே. மைசூர்த் தமிழர். கோபம் வந்தால் கன்னடம், அறிவுரை சொன்னால் ஆங்கிலம், கைவிரிக்கும்போது மட்டும் தமிழ்.

மேசைமேல் தேர்வெழுதத் தகுதியில்லாதவர்களின் பட்டியல் கிடந்தது. அதில் ஒரே ஒரு பெயர், வந்த தேதி வராத தேதிகளோடு.

ஜோதிமணி, எல்.எல்.பி. இறுதியாண்டு. நடந்த வகுப்புகள் நாற்பத்தெட்டு. வந்தது இருபத்தொன்று. வேண்டியது முப்பத்தாறு.

மூன்று மணிக்குள் சார் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. இந்த ஒரு பாடத்துக்காக ஒரு வருடம் போகும். வீட்டில் அவளுக்கு முன்னால் காலேஜ் வாசலை மிதித்தவர்கள் யாருமில்லை. ஒரு வருடம் போனால் போகட்டும் என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.

"ஒரு நாள்கூட லீவு போட்டதில்லீங்க சார். முதல் பெஞ்சு. உங்க மூக்குக்கு நேரா."

"நோடும்மா, இங்கே பாரு, நீ வந்தது எனக்குத் தெரியும். ஆனா எனக்குத் தெரியறதெல்லாம் ரெக்கார்டு ஆகாதே!"

நல்ல வாக்கியம். பருவத்தின் முதல் வகுப்பிலேயே சொல்லி, தேர்வில் வரும் என்று அடிக்கோடும் போடச் சொன்னார். அவள் போட்டிருந்தாள்.

தப்பு மெஷினுடையது இல்லை. ஜோதிமணியின் விரல்களுடையது.

சனி, ஞாயிறு வந்தால் கொள்ளேகால் போய், அம்மாவோடு உட்கார்ந்து, வெந்நீரில் பட்டுக்கூடுகளைப் போட்டு நூல் எடுக்கிற விரல்கள். ரேகை என்று சொல்லிக்கொள்ள அவற்றில் ஒன்றும் மிச்சமில்லை. திங்கட்கிழமை காலை வகுப்பு வாசல் மெஷினில் வைத்தால் "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்று கெஞ்சும். வியாழக்கிழமை வாக்கில் மனமிரங்கி "தேங்க் யூ" சொல்லும்.

மரியாதைக்கு மட்டும் குறைச்சலில்லை.

மூன்று மனு கொடுத்தாள். முதல் மனுவுக்கு, விரலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வா என்றார்கள். இரண்டாவதற்கு, எண்ணெய்க் கையோடு மெஷினைத் தொடாதே என்றார்கள். மூன்றாவதற்கு எழுத்திலேயே பதில் வந்தது. வருகையைக் கையால் எழுதினால் முறைகேட்டுக்கு இடமாகிவிடுமாம்.

அந்தப் பதிலைக் கையால்தான் எழுதியிருந்தார்கள்.

அதே வாரம் உள்ளே, தன்னைப் பற்றிய தவறான தகவலைத் திருத்தச் சொல்லிக் கேட்கும் உரிமை குறித்துப் பாடம் நடந்தது. நாற்பது ஸ்லைடு. ஒவ்வொன்றும் சுழன்று சுழன்று வந்து நின்றது.

ஊரில் ரேஷன் கடை மெஷினுக்கும் அம்மா பொன்னம்மாவின் கட்டைவிரல் ஆகாது. அம்மா மனு எழுதுகிறவள் இல்லை. கடை வாசலில் நின்று ஒரு சண்டை போடுவாள். தெருவே கூடும். அதற்கப்புறம் பொன்னம்மா கடைக்கே வரவில்லை என்று எவனும் சொல்லிவிட முடியாது.

"அட்டென்டன்ஸ் கிடக்கட்டும். உன் வாய் இருக்கே, வாய்!" என்றார் சார். "நாலு மாசமா என் உயிரை எடுத்தே. கடைசி ரெண்டு வாரம்தான் மனுஷியா இருந்தே. கிளாஸ்லயே பாராட்டினேன், ஞாபகமிருக்கா?"

இருந்தது. எல்லாரையும் கைதட்டச் சொன்னார். பக்கத்தில் உட்காரும் தோழி அனுப்ரியா மட்டும் கொஞ்சம் அதிக நேரம் தட்டினாள்.

உயிரை எடுத்ததும் உண்மைதான். மெஷின் தப்பு செய்தால் யாரைப் பிடித்து ஜெயிலில் போடுவது என்று பாடத்துக்கு நடுவில் எழுந்து கேட்பாள். அந்த ஸ்லைடு சார் எழுதியதா, சாருக்காக மெஷின் எழுதியதா என்று கேட்பாள். சார் கத்த மாட்டார், வெளியே போ என்றும் சொல்ல மாட்டார். அதெல்லாம் மனித உரிமை மீறல். மெமோதான் எழுதுவார்.

ரோஸ் கலர் தாள். தேதி, மணி, அறை எண், குற்றம், கீழே பச்சை மையில் கையெழுத்து. ஒரு நகல் அலுவலகத்துக்கு, ஒன்று மாணவிக்கு.

இப்போது அதே பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

ஜோதிமணி பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து, பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மன்னிப்புக் கடிதமா? லேட்டும்மா."

"இல்லீங்க சார். உங்க கையெழுத்துங்க."

பதினைந்து ரோஸ் தாள்கள், தேதி வரிசையில். அத்தனையும் மெஷின் 'வரவில்லை' என்று எழுதிவைத்த தேதிகள். காலை பத்து இருபது, அறை எண் ஏழு, வகுப்பு நடக்கும்போது ஆசிரியரை அவமதித்தது. இன்னொரு நாள், காலை பத்து முப்பத்தைந்து, அறை எண் ஏழு, மறுபடியும் அவமதித்தது.

வராதவள் எப்படி அவமதித்தாள் என்று அவள் கேட்கவில்லை. நாலு மாதத்தில் அவள் கேட்காமல் விட்ட முதல் கேள்வி.

சார் மனதுக்குள் கூட்டினார். இருபத்தொன்றும் பதினைந்தும். விரல் விட்டு இன்னொரு முறை கூட்டினார்.

பிறகு பட்டியலையும் தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மெஷின் "தேங்க் யூ" சொன்ன நாளில் ஒரு மெமோகூட இல்லை. அந்த நாட்களில் இந்தப் பெண் வாயைத் திறந்ததாக அவருக்கு ஞாபகமும் வரவில்லை.

பதினைந்தாவது மெமோவின் தேதியில் அவர் விரல் நின்றது.

அதற்கு அடுத்த வகுப்பிலிருந்துதான் அவள் திருந்தியிருந்தாள்.