நாலாவது ஆள்

இப்போதெல்லாம் சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆட்டிசம் உள்ளவருக்குத்தான். வீடு தேடி வருகிறவருக்குப் பெற்றோர் காபி போட்டுக் கொடுக்கலாம், கருத்துச் சொல்லக் கூடாது. ஜெசிந்தாவுக்கு அதில்தான் எரிச்சல்.

மகள் ஷைனி, பத்தொன்பது வயதுக்காரி, மூன்று பேரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். ஒருவர் தன் கண்ணைப் பார்க்கச் சொன்னார். இன்னொருவர் அவளை எதிரில் வைத்துக்கொண்டே ஜெசிந்தாவிடம், "உங்க பொறுமை யாருக்கு வரும்?" என்றார். மூன்றாமவர் காலிங்பெல்லை அடித்ததோடு சரி. ஷைனி காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இன்று வரவேண்டியவர் கலைமதி. இவரையும் வேண்டாமென்றால் ஊரில் வேறு ஆளில்லை. நாலு மணிக்கு வருவதாகப் பேச்சு. நாலரை ஆயிற்று, பெல் அடிக்கவில்லை. போட்ட காபி ஆறிப்போனது.

"நேரத்துக்கு வரத் தெரியாதவங்க என்னத்தைப் பார்க்கப் போறாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே ஜெசிந்தா தெருவைப் பார்க்கக் கதவைத் திறந்தாள்.

வாசற்படியில் ஒரு பெண் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் கலைமதி. நாலு மணிக்கே வந்துட்டேன்."

"பெல் அடிக்க வேண்டியதுதானே?"

"எப்படி வரட்டும்னு ஷைனிகிட்ட கேட்டேன். பெல் வேண்டாம், வாசல்லயே பேசலாம்னாங்க. பேசிட்டிருக்கோம்."

"அவ பேச மாட்டாளே."

"எழுதுறாங்க. நிறைய."

ஜெசிந்தாவின் போன் அதிர்ந்தது. உள்ளேயிருந்து ஷைனி அனுப்பியிருந்தாள்.

"இவங்களே போதும்மா. அந்த பெல்லைக் கழட்டுங்க. சின்ன வயசுலேர்ந்து காதைப் பொத்திப் பொத்திச் சொல்லிட்டிருக்கேன்."

ஜெசிந்தா ஸ்க்ரூடிரைவரைத் தேடப் போனாள்.