ஆள் பார்க்காத பரீட்சை

“எதிர்ல ஆள் உட்காராத பரீட்சை எது மேடம்? மூஞ்சியப் பாத்தா கண்டுபிடிச்சிடுவாங்களோன்னு பயமா இருக்கு.”

கவுன்சிலரின் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் எந்த ஆங்கிலப் பரீட்சை எழுதலாம் என்று வழிசொல்லி, இடமும் பதிவு செய்து கொடுப்பது அவர் வேலை. மேசைமேல் இருக்கும் ‘கவுன்சிலர்’ பலகையைப் பார்த்துவிட்டுச் சாக்கடை அடைப்புக்கு மனு கொடுக்க வந்தவர்கள்கூட உண்டு. இப்படியொரு கேள்வியோடு யாரும் வந்ததில்லை.

சந்தேகப்படுவதில் கவுன்சிலர் அம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆபீசில் அவருக்கு ‘சிசிடிவி’ என்றே பெயர். அந்த சிசிடிவியின் கண்ணிலேயே போன வருஷம் ஒருத்தன் மண்ணைத் தூவிவிட்டு, அடுத்தவன் பெயரில் பரீட்சை எழுதப் போய் மாட்டிக்கொண்டான். “இன்னொரு தடவை இப்படி நடந்தா, அன்னிக்கே நீங்க வீட்டுக்குப் போயிடலாம்” என்று முதலாளி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

எதிரே இருந்தவளுக்கு இருபத்தாறு வயதிருக்கும். பிசியோதெரபிஸ்ட் என்று படிவத்தில் எழுதியிருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் நிமிஷத்துக்கொரு தடவை உள்ளே எட்டிப் பார்த்தார். தரகராக இருப்பாரோ?

“ரெண்டு வகை இருக்கும்மா. ஒண்ணுல பரீட்சை வைக்கறவர் எதிர்லயே உட்கார்ந்து பேசுவார். இன்னொண்ணுல எல்லாமே கம்ப்யூட்டர். மைக்ல பேசினா போதும்.”

“அப்ப கம்ப்யூட்டரே போடுங்க. நான் பேசறத ரெக்கார்டு பண்ணுவாங்களா? அத வெளியில யாராவது கேக்க முடியுமா?”

“கேட்டா என்ன?”

“இல்ல மேடம், சும்மாதான் கேட்டேன்.”

சும்மா என்று சொல்கிற யாரும் சும்மா சொல்வதில்லை என்பது கவுன்சிலரின் இருபது வருஷ அனுபவம். பாஸ்போர்ட்டைப் புரட்டினார். படத்தில் இருந்தவளுக்கு மூக்குக்கண்ணாடி இல்லை, இவளுக்கு இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவளுடைய ஃபோன் அடித்தது. யாரோ டாக்டர் போலிருக்கிறது. முழங்கால் நோயாளி ஒருவரைப் பற்றி இரண்டு நிமிஷம் மூச்சுவிடாமல் ஆங்கிலத்தில் பேசினாள். தண்ணி பட்ட பாடாகப் பேசினாள்!

கவுன்சிலர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவு பேசுகிறவளுக்குப் பரீட்சையில் என்ன பயம்? சரிதான், கூலிக்கு அடுத்தவர் பெயரில் எழுதுகிற ஆள் இவள்தான்!

“நம்ம ஆளுங்க வழக்கமா எங்கல்லாம் சறுக்குவாங்க மேடம்?” என்றாள் ஃபோனை வைத்துவிட்டு.

கவுன்சிலர் சுவரைக் காட்டினார். அங்கே ‘தப்பு’, ‘சரி’ என்று இரண்டு வரிசையாக ஒரு பட்டியல் தொங்கியது. தப்பு வரிசை டுடே மார்னிங், கசின் பிரதர், ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ் என்று வளர்ந்துகொண்டே போகும். அவள் குனிந்த தலை நிமிராமல் நோட்டில் எழுதிக்கொண்டாள். எட்டிப் பார்த்தால், ‘தப்பு’ வரிசையை மட்டும் முழுசாக எழுதியிருந்தாள். ‘சரி’ப் பக்கம் ஒரு வார்த்தை இல்லை. அவசரக்குடுக்கை என்று நினைத்துக்கொண்டார் கவுன்சிலர்.

“பரீட்சைக்குத் தயார் பண்ற வகுப்பு இங்கயே திங்கள், புதன், வெள்ளி.”

“அந்த மூணு நாளும் வர முடியாது மேடம்.”

“ஏன் முடியாது?”

அவள் கதவைப் பார்த்தாள். கவுன்சிலருக்குப் பொறுமை போய்விட்டது.

“இங்க பாரும்மா, உண்மையச் சொல்லிடு. யாருக்குப் பதிலா எழுதப் போறே? என் வேலைக்கு உலை வைக்கத்தான் வந்தியா?”

சத்தம் கேட்டு முழுக்கைச் சட்டைக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். “மேடம், நான் இவ அப்பா. என்னாச்சு?”

“வகுப்புக்கு வர முடியாதாம். கேட்டா காரணமும் சொல்ல மாட்டேங்கறா.”

பெரியவர் சட்டைக் கையை மேலே சுருட்டினார். முழங்கைவரை ஊசித் தழும்பு. “அந்த மூணு நாளும் எனக்கு டயாலிசிஸ்ம்மா. அவ அம்மாவும் இல்ல. வேலைக்கு நடுவுல இவதான் கூட்டிட்டுப் போயி, நாலு மணி நேரம் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பா. என்னையே கட்டிக்கிட்டு அழுதா இவ வாழ்க்கை என்னாகறது? ரெண்டு வருஷமா கெஞ்சிப் பாத்தேன், போக மாட்டேன்னுட்டா. ‘நீ வெளிநாட்டுக்கு எழுதிப் போடலன்னா, நான் இனிமே ஊசியே போட்டுக்க மாட்டேன்’னு ஒரே பிடியா நின்னேன். அப்புறம்தான் வழிக்கு வந்தா.”

கவுன்சிலர் பாஸ்போர்ட்டை மெதுவாக மூடி வைத்தார்.

“எப்படியாவது பாஸ் பண்ண வச்சிடுங்கம்மா. இவ அங்க போயிட்டா, நானே பஸ் புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிக்குவேன்.”

“நீங்க வெளியில நிம்மதியா உட்காருங்க சார். அது என் பொறுப்பு” என்றார் கவுன்சிலர். பெரியவர் முகமெல்லாம் சிரிப்பாக வெளியே போனார்.

சே, என்ன பாழாய்ப்போன சந்தேகப் புத்தி! கவுன்சிலர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “மன்னிச்சுக்கம்மா. நீ பேசற இங்கிலீஷுக்குக் கண்ண மூடிட்டு பாஸ் பண்ணிடுவே.”

“அதான் மேடம் பயமே” என்றாள் அவள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. “அப்பாவுக்குத் துளி சந்தேகம் வராம நான் ஃபெயிலாகணும்.”