திரைக்குள் ஒரு போன்

துறைமுகச் சாலையில் இருக்கும் கயிற்றுக் கடையின் ஷட்டர் பாதிதான் திறந்திருக்கிறது. அதன் வழியே நுழைந்த மதிய வெயில், பில் போடும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் முருகேஸ்வரியின் கன்னத்தில் விழுகிறது. தன் முகத்தைப் படமெடுத்து ஊரே பார்க்க நெட்டில் போட்டாள் என்று அண்ணன் சிவப்பிரகாஷ் அவள் போனைப் பிடுங்கி இன்றோடு ஒன்பது நாள். போன் ஆப்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருளை அவள் காலையிலேயே இறக்கிவிட்டாள். திரையின் நடுவே இப்போது ஒரு போன் நிற்கிறது. அதற்குள், பழைய ஃபிலிம் கேமரா போலப் படமெடுக்கும் அவளுடைய ஆப். அவள் முகம் அதில் படுத்துக்கொண்டு தெரிகிறது. வெப்கேமராவைப் பிய்த்து, பக்கவாட்டில் திருப்பி, செலோ டேப்பால் ஒட்டுகிறாள். முகம் நிமிர்கிறது. வெளியே உப்பு லாரி ஒன்று போக, நைலான் கயிற்றுச் சுருள்களின் மேல் தூசி மின்னுகிறது. மவுசை அழுத்துகிறாள். ஸ்பீக்கரில் பழைய கேமராவின் ‘கிளிக்’ உரக்கக் கேட்கிறது. அந்தச் சத்தத்துக்கு சிவப்பிரகாஷ் ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வருகிறான்.

“ஏளா, போனு எங்கிட்டல்லா இருக்கு. இது எப்படி?”

“போனுதான அண்ணே ஒங்கிட்ட இருக்கு. மூஞ்சி எங்கிட்டதான இருக்கு.”

அவன் கை சுவர் சுவிட்சுக்குப் போகிறது.

“அணைச்சா அணைச்சிக்கோ. நாளைக்கும் எடுப்பேன்.”

சுவிட்சின் மேலேயே அவன் விரல் நிற்கிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காதோர முடியை ஒதுக்கி, கேமராவை நேராகப் பார்த்து மறுபடி அழுத்துகிறாள். மங்கிய மஞ்சள் நிறத்தில் படம் வருகிறது, மூலையில் இன்றைய தேதி சிவப்பாக. அவள் தோளுக்குப் பின்னால் அண்ணனின் பாதி முகமும் விழுந்திருக்கிறது. அதை வெட்டாமல், அப்படியே ஊர் பார்க்கப் போடுகிறாள்.